மனவரைபடமும் தமிழ் இலக்கணக் கற்றலும்: இணைப்புக் கோடுகளை முன்வைத்து ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

கருத்துகளை ஒழுங்குபடுத்தவும் நினைவில் நிறுத்தவும் உதவும் கருவியாக மனவரைபடம் தமிழ் வகுப்பறைகளில் கையாளப்பட்டு வருகிறது. ஒரு மையச் சொல்லும் அதிலிருந்து விரியும் கிளைகளுமாக அமையும் இவ்வடிவம் எல்லா வகைப் பாடப்பொருளுக்கும் பொருந்தும் என்னும் எண்ணம் மறுஆய்வுக்குரியது. யாப்புறுப்புகள், உடம்படுமெய், அகத்திணைப் பாகுபாடு ஆகிய மூன்று பாடப்பகுதிகளைச் சான்றாகக் கொண்டு, மனவரைபடம் எதனைக் காட்டுகிறது, எதனை மறைக்கிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. கற்றல் உளவியல் ஆய்வுகளின் முடிவுகளும் நன்னூல் பாயிரம் கூறும் நூற்பா நிலைகளும் இவ்வாராய்ச்சிக்குத் துணையாகக் கொள்ளப்படுகின்றன. மனவரைபடத்தின் பயன் அதன் கிளைகளில் இல்லை. கிளைகளுக்கிடையிலான உறவைக் கற்போர் தாமே நினைவிலிருந்து எடுத்து எழுதுவதில் உள்ளது என்பது இக்கட்டுரையின் முடிபாகும்.

திறவுச்சொற்கள்

மனவரைபடம், கருத்து வரைபடம், நினைவாற்றல், யாப்புறுப்பு, திணைமயக்கம், நூற்பா நிலை, இலக்கணக் கற்பித்தல்.

முன்னுரை

அகத்திணைப் பாடத்தைப் படித்து முடித்த மாணவர், குறிஞ்சி என்றவுடன் மலை, சேயோன், யாமம், கூதிர், புணர்தல் என வரிசையாகக் கூறிவிடுவதுண்டு. அதே மாணவரிடம் ஒரு குறுந்தொகைப் பாடலைக் கொடுத்து அதன் திணையைக் காரணத்துடன் நிறுவச் சொன்னால் தயங்குவதும் உண்டு. நினைவில் இருக்கும் செய்தி வாசிப்பில் பயன்படாமல் போவது ஏன் என்னும் வினா, இலக்கியம் கற்பிப்போர் அனைவரும் எதிர்கொள்வதாகும். மாணவரின் முயற்சிக் குறைவு என்று இதனை ஒதுக்கிவிட இயலாது. செய்தி எந்த வடிவில் மனத்துள் சென்றதோ அந்த வடிவிலேயே வெளிவருகிறது. ஆகவே, பாடப்பொருளை ஒழுங்குபடுத்தக் கையாளப்படும் வடிவத்தையே ஆராய வேண்டியுள்ளது.

தமிழ்நாட்டில் 2000-களின் பிற்பகுதியில் நடுநிலை வகுப்புகளில் அறிமுகமான படைப்பாற்றல் கல்வி முறையில் மனவரைபடம் வரைதல் ஒரு படிநிலையாக இடம்பெற்றது. அம்முறையில் பயின்றோர் பின்னர்க் கல்லூரிகளுக்கு வந்தனர். அவர்களுள் சிலர் இன்று ஆசிரியராகவும் உள்ளனர். மேல்நிலை வகுப்பு அறிவியல் பாடநூல்கள் சிலவற்றில் பாட இறுதியில் கருத்து வரைபடம் அச்சிடப்பட்டுள்ளது. தேர்வு வழிகாட்டிகளிலும் இலக்கணப் பாடங்கள் கிளைப்படங்களாக வரையப்படுகின்றன. இவ்வாறு பரவியுள்ள ஒரு கருவி, தமிழ் இலக்கணப் பாடங்களில் எங்குப் பொருந்துகிறது, எங்குத் தவறுகிறது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மனவரைபடத்தின் இயல்பு

மனவரைபடம் என்னும் பெயரையும் அதற்குரிய விதிகளையும் பரவச் செய்தவர் இங்கிலாந்தைச் சேர்ந்த டோனி புசான் (1942-2019) ஆவார். 1974ஆம் ஆண்டு பிபிசி தொலைக்காட்சியில் ஒளிபரப்பான கற்றல் தொடர் வழியாகவும் அதே ஆண்டு வெளிவந்த நூல் வழியாகவும் அவருடைய முறை மக்களிடம் சென்றது. தாளின் நடுவில் ஒரு படத்துடன் தொடங்குதல், பல வண்ணங்களைப் பயன்படுத்துதல், கிளைகளை வளைவாக வரைதல், ஒரு கோட்டிற்கு ஒரு சொல் மட்டுமே எழுதுதல் ஆகியன அவர் வகுத்த விதிகளுள் முதன்மையானவை.

அறிவை மரமாக வரைந்து காட்டுவது புசானுக்கு முற்பட்ட வழக்கமாகும். கி.பி. 3ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த போர்ஃபிரி என்னும் மெய்யியலார் செய்த பொருட்பாகுபாடு, இடைக்கால ஐரோப்பாவில் மரவடிவப் படமாக வரையப்பட்டது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் ரமோன் லுல் தம் அறிவுக் கலைகளை மரங்களாகவே அமைத்துக் காட்டினார். வண்ணம், படம், ஒற்றைச் சொல் என்னும் கட்டுப்பாடுகளோடு அம்மரத்தை எவரும் வரையத்தக்க பயிற்சியாக மாற்றியது புசானின் பங்களிப்பாகும்.

இதனோடு சேர்த்து எண்ணப்படுவதும் ஆனால் வேறானதும் கருத்து வரைபடம் ஆகும். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜோசப் நோவாக்கும் அவர்தம் குழுவினரும் 1972ஆம் ஆண்டு முதல் இதனை உருவாக்கினர். புதிய செய்தி முன்னறிவோடு பிணையும்போதே பொருளுள்ள கற்றல் நிகழ்கிறது என்னும் டேவிட் ஆசுபெல்லின் கொள்கை இதற்கு அடிப்படையாகும். கருத்து வரைபடத்தில் இரு கருத்துகளை இணைக்கும் கோட்டின்மேல் அவ்விணைப்பின் தன்மையைக் கூறும் சொல் எழுதப்பட வேண்டும். ஒரு கிளையிலுள்ள கருத்து மற்றொரு கிளையிலுள்ள கருத்தோடு குறுக்காக இணையவும் இடமுண்டு. மனவரைபடத்தில் கோடு பேசுவதில்லை. கருத்து வரைபடத்தில் கோடே பேசுகிறது. தமிழ் வகுப்பறைகளில் இவ்விரு பெயர்களும் ஒன்றற்கு மற்றொன்றாக வழங்குவதால் இவ்வேறுபாடு கவனிக்கப்படாமல் போகிறது.

கற்றல் ஆய்வுகள் காட்டும் எல்லை

செய்தியை வகைப்படுத்தி அமைப்பது நினைவுக்கு உதவும் என்பதில் ஐயமில்லை. கோர்டன் பவரும் உடனாய்வாளரும் 1969ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில் கற்போருக்கு 112 சொற்கள் தரப்பட்டன. கனிமம் போன்ற தலைப்புகளின்கீழ்ப் படிநிலையாக அடுக்கப்பட்ட சொற்களைக் கண்டோர், ஒழுங்கின்றிக் கலந்த அதே சொற்களைக் கண்டோரைவிடப் பன்மடங்கு மிகுதியாக நினைவுகூர்ந்தனர். மனவரைபடத்தின் ஆதரவாளர்க்கு இது வலுவான சான்றாகும். எனினும், அவ்வாய்வில் உதவியது படிநிலை ஒழுங்கே. வண்ணமோ வளைகோடோ அன்று என்பது கருதத்தக்கது.

மனவரைபடத்தையே நேரடியாகச் சோதித்த ஆய்வுகளுள் மிகுதியாக எடுத்துக்காட்டப்படுவது பால் ஃபாரண்டும் உடனாய்வாளரும் 2002ஆம் ஆண்டு வெளியிட்டதாகும். லண்டனில் மருத்துவம் பயின்ற 50 மாணவர் 600 சொற்கள் கொண்ட ஒரு பகுதியைக் கற்றனர். ஒரு வாரம் கழித்து மனவரைபடம் வரைந்தோரின் நினைவு, தமக்குப் பழகிய முறையில் படித்தோரின் நினைவைவிட 10 விழுக்காடு மிகுந்திருந்தது. இவ்வெண் மட்டுமே பல இடங்களில் எடுத்தாளப்படுகிறது. அதே ஆய்வு அவ்வேறுபாட்டுக்குத் தரும் நம்பக இடைவெளி, 1 விழுக்காடு குறைவு என்பதிலிருந்து 22 விழுக்காடு மிகுதி என்பது வரை நீள்கிறது; அதாவது வேறுபாடே இல்லாதிருக்கவும் வாய்ப்புண்டு. மனவரைபடம் வரைந்தோரின் ஆர்வம் மற்றவரினும் குறைந்திருந்தது என்பதையும் ஆய்வாளரே குறிப்பிட்டுள்ளனர். மனவரைபடம் ஆர்வத்தைத் தூண்டும் என்னும் பொதுக்கூற்றுக்கு இது மாறாக உள்ளது.

கருத்து வரைபடம் முதலான இணைப்புப் படங்கள் குறித்த 55 ஆய்வுகளை ஜான் நெஸ்பிட்டும் ஒலுசோலா அடெசோப்பேவும் 2006ஆம் ஆண்டு தொகுத்து மதிப்பிட்டனர். அறிவைத் தக்கவைத்தலில் இப்படங்கள் பயன் தருகின்றன என்பதும், அப்பயனின் அளவு படம் எவ்வாறு பயன்படுத்தப்படுகிறது, எதனோடு ஒப்பிடப்படுகிறது என்பவற்றைப் பொறுத்துச் சிறிதாகவும் பெரிதாகவும் மாறுகிறது என்பதும் அவர்தம் முடிவுகளாகும்.

இவ்விவாதத்தில் திருப்பத்தை ஏற்படுத்தியது ஜெஃப்ரி கார்ப்பிக், ஜனெல் பிளண்ட் ஆகியோர் 2011ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வாகும். ஒரு குழுவினர் பாடப்பகுதியைக் கண்முன் வைத்துக்கொண்டு கருத்து வரைபடம் வரைந்தனர். மற்றொரு குழுவினர் பாடத்தை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதி, மீண்டும் படித்து, மீண்டும் எழுதினர். ஒரு வாரம் கழித்து நடந்த தேர்வில் நினைவிலிருந்து எழுதியோரே சிறந்து விளங்கினர். நேரடி வினாக்களில் மட்டுமன்றி உய்த்துணர வேண்டிய வினாக்களிலும் அவர்கள் முந்தினர். இறுதித் தேர்வே கருத்து வரைபடம் வரைவதாக அமைந்தபோதும் முடிவு மாறவில்லை. இதே ஆய்வாளர் 2014ஆம் ஆண்டு வெளியிட்ட மற்றோர் ஆய்வில், பாடத்தை மூடிவைத்து நினைவிலிருந்து வரைபடம் வரைந்தோர், நினைவிலிருந்து பத்தியாக எழுதியோருக்கு இணையான பயன் பெற்றனர். ஆகவே, பயனைத் தீர்மானிப்பதில் படம், பத்தி என்னும் வடிவ வேறுபாட்டைவிட, பாடம் திறந்திருந்ததா மூடியிருந்ததா என்பதே முதன்மை பெறுகிறது.

மூளையின் நரம்பணுக்கள் கிளைத்திருப்பதால் கிளைத்த படமே மனத்திற்கு இயல்பானது என்னும் வாதமும் மனவரைபடத்திற்கு ஆதரவாக முன்வைக்கப்படுகிறது. இது உவமை; சான்று அன்று. நரம்பணுவின் தோற்றமும் தாளில் வரையும் கோட்டின் தோற்றமும் ஒத்திருப்பதால் கற்றல் நிகழும் என்பதற்கு ஏதுவில்லை.

யாப்புறுப்புகள்: உறவு உறுப்பாகும் இடம்

எழுத்து, அசை, சீர், தளை, அடி, தொடை என யாப்பருங்கலக்காரிகை கூறும் ஆறு உறுப்புகளும் மனவரைபடத்திற்கு மிக எளிதாக அமைவன போலத் தோன்றும். நடுவில் யாப்பு என்று எழுதி, ஆறு கிளைகள் வரைந்தால் படம் நிறைவுபெற்றுவிடும். எண்ணும் பெயரும் நினைவில் நிற்கும். ஆனால் இப்படம் ஆறையும் உடன்பிறப்புகள் போல ஒரே நிலையில் நிறுத்துகிறது. யாப்பின் இயக்கம் அவ்வாறன்று. எழுத்தால் அசையும், அசையால் சீரும், சீரால் அடியும் ஆகின்றன. இஃது ஒன்றன்மேல் ஒன்றாக எழும் கட்டுமானம். நடுவிலிருந்து ஒரே தொலைவில் விரியும் கிளைகள் இக்கட்டுமானத்தைக் காட்டுவதில்லை.

இதனினும் முதன்மையான சிக்கல் தளையில் உள்ளது. தளை ஓர் அலகன்று. நின்ற சீரின் ஈற்றசையும் வருஞ்சீரின் முதலசையும் சந்திக்கும் முறையே தளை. மா முன் நிரையும் விளம் முன் நேரும் வருவது இயற்சீர் வெண்டளை; காய் முன் நேர் வருவது வெண்சீர் வெண்டளை. இவ்விளக்கங்களில் உயிராக நிற்பது 'முன்' என்னும் இடைச்சொல்லாகும். ஒரு கோட்டிற்கு ஒரு சொல் என்னும் விதி முதலில் நீக்குவது இத்தகைய சொல்லைத்தான். தொடையும் அவ்வாறே. மோனையும் எதுகையும் ஒரு சீருக்குள் நிகழ்வன அல்ல. சீரோடு சீரும் அடியோடு அடியும் கொள்ளும் ஒலியுறவுகள். ஆகவே, ஆறு உறுப்புகளுள் இரண்டு உறவுகளாக இருக்க, படம் அவற்றைப் பொருள்களாக மாற்றிவிடுகிறது.

தொல்காப்பியச் செய்யுளியல் தொகுத்துக் கூறும் 34 உறுப்புகளுள் தளை தனியுறுப்பாக எண்ணப்படவில்லை என்பது இங்கு நினைக்கத்தக்கது. தளையைத் தனியுறுப்பாகக் கொள்வதா, சீர்களின் புணர்ச்சியாக மட்டும் கொள்வதா என்பது யாப்பிலக்கண உரைமரபில் விவாதத்திற்கு உரியதாக இருந்துள்ளது. அவ்விவாதத்தின் நுட்பம் ஆறு கிளைப் படத்தைப் பார்த்துக் கற்ற மாணவருக்கு எழவே வாய்ப்பில்லை. தளை ஏன் உறுப்பு என்னும் வினாவைப் படம் முன்கூட்டியே முடித்துவிடுகிறது.

உடம்படுமெய்: நிபந்தனை உதிரும் இடம்

உயிரீற்றின் முன் உயிர்முதல் வருங்கால் இடையே தோன்றும் உடம்படுமெய் குறித்த நன்னூல் விதி சிறியது. இ, ஈ, ஐ என்னும் ஈறுகளின்பின் யகரமும், ஏனைய உயிரீறுகளின்பின் வகரமும், ஏகார ஈற்றின்பின் இரண்டும் வரும். மணி + அழகு என்பது மணியழகு எனவும், பூ + அழகு என்பது பூவழகு எனவும் புணர்வது இதன்படியாகும். ஏகாரத்திற்குச் சே + அடி என்பது சேவடி எனவும், அவனே + அழகன் என்பது அவனேயழகன் எனவும் புணர்வது சான்றாகும்.

இதனை மனவரைபடமாக்கினால் உடம்படுமெய் என்னும் மையத்திலிருந்து ய், வ் என இரு கிளைகள் பிரியும். அவற்றின் நுனியில் ஈறுகள் அமையும். ஏகாரத்தை எங்கு வைப்பது என்பதே முதல் இடர்ப்பாடு. இரு கிளைகளிலும் எழுதினால் ஒரே ஈறு இரு வேறு செய்திகளாகத் தோன்றும். ஒன்றில் மட்டும் எழுதினால் விதி பிழைபடும். மரவடிவத்தில் ஒரு முனைக்கு ஒரே தாய்க்கிளைதான் இருக்க இயலும். இலக்கண விதிக்கு அக்கட்டாயம் இல்லை.

மற்றோர் இடர்ப்பாடு, விதியின் திசை மாறிப்போதல் ஆகும். விதி ஈற்றைக் கொடுத்து மெய்யைக் கண்டறியச் சொல்கிறது. படமோ மெய்யிலிருந்து ஈற்றுக்குச் செல்கிறது. எழுதும்போது மாணவருக்கு முன்னே நிற்பது நிலைமொழியின் ஈறு. அவர் கண்டறிய வேண்டியது மெய். படத்தை மனப்பாடமாகப் பெற்றவர் ஒவ்வொரு முறையும் அதனைத் தலைகீழாக வாசிக்க வேண்டியுள்ளது. இலக்கண விதி என்பது 'இது வரின் இது ஆகும்' என்னும் நிபந்தனைத் தொடர். பெயர்ச்சொற்களை மட்டும் தாங்கும் கிளையில் 'வரின்' என்பதற்கு இடமில்லை.

அகத்திணை: மயக்கம் மறையும் இடம்

முதல், கரு, உரி என்னும் பாகுபாடு மனவரைபடத்திற்கு மிகவும் ஏற்றதாகக் கருதப்படுகிறது. ஐந்திணை என்னும் மையத்திலிருந்து ஐந்து கிளைகளும், ஒவ்வொன்றிலும் நிலம், பொழுது, தெய்வம், உணவு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் முதலிய சிறுகிளைகளும் விரியும். இவ்வமைப்பு ஐந்து திணைகளும் ஒத்த தன்மையன என்னும் எண்ணத்தைத் தோற்றுவிக்கிறது. தொல்காப்பியமோ நடுவணதாகிய பாலை ஒழிந்த நான்கிற்கே நிலம் வகுக்கிறது. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பிற் கெட்டுப் பாலை என்னும் வடிவு கொள்வதைச் சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதை விளக்குகிறது. பாலை இடமன்று, காலத்தால் நேரும் நிலை. ஐந்தாம் கிளையில் 'மணலும் மணல் சார்ந்த இடமும்' என எழுதி நிரப்பும்போது, படத்தின் சமச்சீர் காக்கப்படுகிறது. கோட்பாட்டின் நுட்பம் இழக்கப்படுகிறது.

திணைமயக்கம் இதனினும் தெளிவான சான்றாகும். திணைகள் மயங்குதல் விலக்கப்படுவதில்லை என்றும், நிலம் மட்டும் ஒருங்கு மயங்குவதில்லை என்றும், உரிப்பொருள் அல்லாதன மயங்கவும் பெறும் என்றும் அகத்திணையியல் கூறுகிறது. ஒரு நிலத்துப் பூவும் புள்ளும் தமக்குரிய நிலத்தொடும் பொழுதொடும் வாராமல் வேறு நிலத்தில் வருமாயின், வந்த நிலத்தின் பொருளாகவே அவற்றைக் கொள்ள வேண்டும் என்பதும் அவ்வியல் வகுக்கும் நெறியாகும். அதாவது, பாகுபாட்டைச் செய்த நூலே அப்பாகுபாட்டின் எல்லைகளைக் கடக்கும் வழிகளையும் உடன் வகுத்துள்ளது. ஒன்றோடொன்று தொடாத ஐந்து கிளைகள் கொண்ட படத்தில் இவ்வழிகளுக்கு இடமில்லை. மயக்கம் என்பது ஆறாவது கிளையாக எழுதத்தக்க ஒரு செய்தியன்று. கிளைகளுக்கு இடையே ஓடும் உறவு.

இதன் விளைவைக் குறுந்தொகையின் 40ஆம் பாடலில் காணலாம். இயற்கைப் புணர்ச்சிக்குப்பின் தலைவன் பிரிவானோ என அஞ்சிய தலைவியின் வேறுபாடு கண்டு அவன் கூறுவதாக அமைந்த அப்பாடல் குறிஞ்சித் திணைக்குரியது. ஆனால் அதில் மலை இல்லை, முருகன் இல்லை, யாமம் இல்லை, குறிஞ்சிப் பூவும் இல்லை. உறவற்ற இருவரின் நெஞ்சங்கள் கலந்தமைக்கு உவமையாகச் சிவந்த நிலத்தில் பெய்த மழைநீர் மட்டுமே வருகிறது. மனவரைபடத்தின் சிறுகிளைகளைக் கொண்டு தேடும் மாணவர், மழையைக் கண்டு கார்காலம் எனக் கருதி முல்லைக்குச் செல்லக்கூடும். கருப்பொருள் வழி நுழைய முடியாத பாடலில் உரிப்பொருளே திணையைத் தீர்மானிக்கிறது. முதல், கரு, உரி என்பன ஒத்த எடையுடைய மூன்று பெட்டிகள் அல்ல என்பதையும், பாடலை ஆராயுங்கால் முதலினும் கருவும் கருவினும் உரியும் சிறந்து நிற்கும் என்னும் முறைமையையும் சமமான கிளைகள் உணர்த்துவதில்லை. முன்னுரையில் கூறப்பட்ட மாணவரின் தயக்கத்திற்கு ஒரு காரணம் இங்குப் புலனாகிறது. அவர் திணைகளின் உடைமைகளை அறிந்துள்ளார். அவ்வுடைமைகளுக்கு இடையிலான முதன்மையை அறியவில்லை.

நூற்பா நிலை: இணைப்புக்குப் பெயரிட்ட மரபு

மேற்கூறிய மூன்று இடங்களிலும் இழக்கப்படுவது ஒன்றே. அஃது இணைப்பின் தன்மை. தமிழ் இலக்கண மரபு இணைப்பின் தன்மையைத் தனித்து எண்ணிப் பெயரிட்டுள்ளது என்பது இங்குக் கருதத்தக்கது. நூற்பாக்கள் ஒன்றோடொன்று கொள்ளும் தொடர்பை ஆற்றொழுக்கு, அரிமா நோக்கம், தவளைப் பாய்த்து, பருந்தின் வீழ்வு என நன்னூல் பாயிரம் நான்காகக் கூறுகிறது. இடையறாது முன்செல்லுதல், முன்னும் பின்னும் நோக்குதல், இடையிட்டுத் தாவிச் சென்று பொருந்துதல், தொலைவிலிருந்து இறங்கி வேண்டியதை மட்டும் கவர்ந்து மீளுதல் என்பன இவற்றின் பொருளாகும். ஒரு நூற்பாவின் பொருள் அதனுள் மட்டும் இல்லை. அது நிற்கும் இடத்திலும் அது நோக்கும் திசையிலும் உள்ளது என்பதே இவ்வகைப்பாட்டின் உட்பொருள்.

32 உத்திகளுள் தொகுத்துச் சுட்டலும் வகுத்துக் காட்டலும் இடம்பெறுகின்றன. இவ்விரண்டும் மனவரைபடம் செய்யும் பணியோடு ஒத்தவை. அவற்றோடு நன்னூலார் நிறுத்தவில்லை. ஓரிடத்துக் கூறிய இலக்கணத்தை அதனைப் பெறுதற்குரிய பிறிதோரிடத்தும் பொருத்தி நடத்தலாகிய மாட்டெறிந்து ஒழுகலையும் உத்தியாகக் கொண்டார். தொல்காப்பியச் செய்யுளியலில் மாட்டு என்பது செய்யுளுறுப்பாகவே எண்ணப்படுகிறது. அகன்று கிடக்கும் பொருளையும் அணுகி நிற்கும் பொருளையும் கொண்டுசேர்த்து முடித்தலே அதன் பணி. தொகுத்தலும் வகுத்தலும் மட்டும் அறிவாகாது, மாட்டுதலும் வேண்டும் என்பது இவற்றால் புலனாகிறது.

நன்னூல் பாயிரம் நூல் பயிலும் முறையைக் கூறுமிடத்தும் இதற்குத் துணையான செய்திகள் உள்ளன. பாடத்தைப் போற்றுதல், கேட்டவற்றை மீண்டும் நினைத்தல், உடன் பயில்வோரொடு பயிலுதல், வினாவுதல், வினாவியவற்றுக்கு விடை கூறுதல் ஆகியன அங்கு எண்ணப்படுகின்றன. கேட்டவற்றை மீண்டும் நினைத்தல் என்பது பாடத்தை மூடிவைத்து நினைவிலிருந்து எடுத்தலோடு ஒத்துச் செல்கிறது. இதனைக் கொண்டு பவணந்தியார் இக்கால உளவியலை முன்னரே கண்டார் எனக் கூறுவது மிகையாகும். நன்னூல் கூறுவது பயிற்சி நெறி. 2011ஆம் ஆண்டு ஆய்வு தருவது சோதனை முடிவு. இரண்டும் வெவ்வேறு வகைச் சான்றுகள். எனினும், வெவ்வேறு வழிகளில் வந்த இரு சான்றுகளும் ஒரே செயலைச் சுட்டுவதால், கற்பிப்போர் அச்செயலுக்கு முதன்மை தருதல் தகும்.

பொருந்துமிடமும் திருத்தும் வழியும்

மனவரைபடத்தை முற்றிலும் விலக்க வேண்டும் என்பது இவ்வாராய்ச்சியின் கருத்தன்று. பாடப்பொருளே மரவடிவில் அமைந்திருக்கும் இடங்களில் அது நன்கு பொருந்துகிறது. நன்னூலின் இரண்டு அதிகாரங்களும் ஒவ்வொன்றிலும் உள்ள ஐந்து இயல்களும், தொல்காப்பியத்தின் மூன்று அதிகாரங்களும் ஒவ்வொன்றிலும் உள்ள ஒன்பது இயல்களும், திருக்குறளின் முப்பாலும் 133 அதிகாரங்களும் மரவடிவின. இவற்றின் அமைப்பை ஒரே பார்வையில் காட்டுவதற்கு அதனினும் எளிய கருவி அரிது. கட்டுரை எழுதுமுன் சிதறிய எண்ணங்களைத் தாளில் கொட்டிப் பார்ப்பதற்கும் அது பயன்படும். இலக்கணத்தை அஞ்சும் மாணவருக்கு முதல் அறிமுகமாக அமைவதிலும் தவறில்லை.

உறவே பொருளாக அமையும் பாடங்களில் நான்கு திருத்தங்கள் தேவைப்படுகின்றன. முதலாவது, ஆயத்தமான படத்தை வழங்காமல், பாடம் முடிந்தபின் நூலை மூடிவைத்து மாணவரையே வரையச் செய்தல். வரைந்தபின் நூலைத் திறந்து வேறு வண்ண மையால் திருத்தினால், எது நினைவில் இல்லை என்பதை மாணவரே காண்பர். வண்ணத்திற்கும் அப்போது ஒரு பயன் கிடைக்கிறது. இரண்டாவது, ஒவ்வொரு கோட்டின்மேலும் இணைப்புச் சொல்லை எழுதச் செய்தல். 'ஆல் ஆயது', 'முன் வரின்', 'ஆகத் திரியும்', 'உடன் மயங்கும்' என்பன போன்ற தொடர்கள் அங்கு இடம்பெற வேண்டும். சொல் எழுத முடியாத கோடு, புரிந்துகொள்ளப்படாத உறவாகும்.

மூன்றாவது, கிளை கடக்கும் கோடு ஒன்றையேனும் கட்டாயமாக்குதல். யாப்பில் தளையிலிருந்து பாவகைக்கும், திணையில் பாலையிலிருந்து முல்லைக்கும் குறிஞ்சிக்கும் செல்லும் கோடுகள் இதற்குச் சான்றாவன. அக்கோடு ஆற்றொழுக்கா, தவளைப் பாய்த்தா என மாணவரைக் கூறச் செய்தால், நூற்பா நிலைகள் தேர்வுக்குரிய பட்டியலாக நின்றுவிடாமல் சிந்தனைக்குரிய கருவியாகும். நான்காவது, வரைந்த படத்தை மீண்டும் உரைநடையாக எழுதச் செய்தல். தமிழ்த் தொடரில் சொற்களுக்கிடையிலான உறவைக் காட்டுவதில் வேற்றுமையுருபுக்கும் வினைமுற்றுக்கும் பெரும்பங்கு உண்டு. படம் நீக்கிய உருபுகளைத் தொடர் மீட்டுத் தருகிறது. பெயர்களை மட்டும் அறிந்தவரால் அத்தொடரை எழுத இயலாது என்பதால், மதிப்பீட்டிற்கும் இதுவே ஏற்ற இடமாகிறது. மதிப்பெண்ணும் கிளைகளின் எண்ணிக்கைக்கோ வண்ணத்திற்கோ அன்றி, இணைப்புகளின் சரித்தன்மைக்கு வழங்கப்பட வேண்டும்.

இவ்வழியில் காலம் மிகுதியாகச் செலவாகும் என்னும் எதிர்ப்பு எழக்கூடும். அது உண்மையே. பருவமுறைக் கல்வியில் ஒரு தாளுக்கு ஒதுக்கப்படும் வகுப்புகளுக்குள் எல்லாப் பாடங்களையும் இவ்வாறு நடத்த இயலாது. ஆகவேதான், மரவடிவப் பாடம் எது, உறவுவடிவப் பாடம் எது எனப் பிரித்தறிவது ஆசிரியரின் முதற்பணியாகிறது. முன்னதற்கு மனவரைபடம் போதும். பின்னதற்கே மேற்கூறிய உழைப்பு தேவை.

முடிவுரை

மனவரைபடம் செய்திகளை வகைப்படுத்துவதன் வாயிலாக நினைவுக்கு உதவுகிறது. எனினும், அதன் சிறப்பாகக் கூறப்படும் வண்ணம், வளைகோடு, ஒற்றைச் சொல் ஆகியவற்றைவிடக் கற்போரின் மீட்டெடுக்கும் முயற்சியே பயனைத் தீர்மானிக்கிறது என்பதை ஆய்வுகள் உணர்த்துகின்றன. தமிழ் இலக்கணப் பாடங்களில் தளை என்னும் உறவு உறுப்பாகத் தோற்றமளிப்பதும், உடம்படுமெய்யில் நிபந்தனை உதிர்வதும், திணைப்பாகுபாட்டில் மயக்கமும் முதன்மையும் மறைவதும் அவ்வடிவத்தின் எல்லைகளைக் காட்டுகின்றன. நூற்பா நிலை, மாட்டெறிதல் ஆகிய மரபுக் கருத்துகள் இவ்வெல்லைகளைக் கடப்பதற்குரிய சொற்களைத் தருகின்றன.

நூலை மூடி வரைதல், கோட்டின்மேல் எழுதுதல், கிளை கடத்தல், உரைநடையாக்குதல் ஆகிய நான்கையும் தமிழ் இலக்கண வகுப்புகளில் தனித்தனியே சோதித்துப் பயனை அளவிடுவது அடுத்த ஆய்வுக்குரிய களமாகும். அதற்கு முன்னரும் ஆசிரியர் ஒருவர் செய்யத்தக்கது ஒன்றுண்டு. மாணவர் வரைந்து தரும் படத்தில் ஏதேனும் ஒரு கோட்டைச் சுட்டி, இது எதனால் எதனோடு இணைகிறது என வினவுதல். அவ்வினாவுக்கு விடை கூறத் தெரிந்த மாணவருக்கே குறுந்தொகைப் பாடலின் திணையும் விளங்கும்.